களவுபோன ஒரு வோல்ட்

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஹெட்லைட்டில்தான் வந்து நிற்கும். "அது லைட்டா சார்? மெழுகுவத்தி" என்பார் ஒருவர். இன்னொருவர், இந்த வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனிக்கு இங்கிலாந்துக்காரர்களே சூட்டிய பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிப்பார்: இருளின் இளவரசன். கடைசியில் ஒருமனதாகத் தீர்ப்பு வரும். "கழட்டிப் போட்டுட்டு ஒரு எல்இடி மாட்டுங்க. ராத்திரி பகல் மாதிரி இருக்கும்."

இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. பிஎஸ்ஏ, நார்ட்டன், மேட்ச்லெஸ், டிரையம்ப் என்று கப்பலேறி வந்த வண்டிகளின் முகத்திலிருந்து எத்தனையோ நல்ல விளக்குகள் கழற்றப்பட்டு, அந்த இடத்தில் கண்ணைப் பறிக்கும் தட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. இதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விசாரிக்காமலே தண்டித்துவிட்டார்கள் என்பதுதான் நடந்தது.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நானும் மாட்டியவன்தான். என்னிடம் இருப்பது 1952-ஆம் வருஷத்து பிஎஸ்ஏ பி31. 350 சிசி, ஆறு வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நேர்முனை ஃபிரேமோடு சேர்ந்திருக்கும். ஊர் சொன்னதைக் கேட்டு ஏழு அங்குல எல்இடி யூனிட் ஒன்று வாங்கினேன். அதற்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால் வோல்ட்டை ஏற்றித்தரும் சின்னப் பெட்டி ஒன்றையும் வாங்கினேன். நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்த பொருள், ஆகவே ஒயரைத் தலைகீழாகக் கொடுத்து, யூனிட்டின் உலோக உடல் ஃபிரேமில் படாமல் ரப்பர் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன். வீட்டு வாசலில் நிறுத்தி எதிர்ச்சுவரில் அடித்துப் பார்த்தபோது கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. அன்றிரவே கோவையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் கிளம்பினேன்.

கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது. சக்கரத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் வரை தார் ரோடு வெள்ளை வேட்டி விரித்ததுபோல் தெரிந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை, கறுப்பு. பக்கத்தில் கிடக்கும் வெளிச்சத்துக்குக் கண் பழகிவிட்டால் பாப்பா சுருங்கிக்கொள்கிறது, தூரத்தில் இருப்பது இன்னும் இருண்டுபோகிறது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் டிம் அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். தேங்காய் மூட்டையோடு மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் ஓரமாக ஒதுங்கிக் காலூன்றி நின்று கத்தினார். "ஏனுங்க, நீங்க மட்டும் ஊடு போய்ச் சேந்தாப் போதுமுங்களா?"

அவருக்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. உக்கடம் பக்கத்துப் பட்டறைப் பெரியவர் ஒருவரிடம் வண்டியை வேறு வேலைக்காக விட்டிருந்தேன். கழற்றிய பழைய விளக்கை என் பையில் பார்த்துவிட்டு, "லைட்டு மேல எதுக்குங்க கோவம்? கரண்டு அது வரைக்கும் போச்சுதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பழைய விளக்கை மறுபடி மாட்டி, எரியவிட்டு, மீட்டரை எடுத்தார். பேட்டரி முனையில் 6.2 வோல்ட். பல்ப் ஹோல்டரில் 5.1.

ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியில் எங்கோ களவுபோயிருந்தது. ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். டங்ஸ்டன் இழை பல்பின் குணம் தெரிந்தவர்களுக்குத் தோன்றாது. அந்த பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு சரிசமமாகக் குறைவதில்லை, ஏறக்குறைய அதன் 3.4-ஆம் அடுக்கில் சரிகிறது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். 6.2 இருந்த இடத்தில் 5.1 மட்டும் போய்ச் சேர்ந்தால் கிடைப்பது பாதி வெளிச்சம். மெழுகுவத்தி என்று நான் ஏசிய விளக்கு, பாதிக் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்தது.

ஆறு வோல்ட் வண்டிக்கு இந்தக் களவு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்குக் கணக்கு எளிது. 30 வாட் பல்புக்கு ஆறு வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓட வேண்டும், 12 வோல்ட்டில் இரண்டரை போதும். வழியில் துருவும் அழுக்கும் சேர்ந்து 0.2 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு வோல்ட் வண்டியில் அது ஒரு முழு வோல்ட்டைத் தின்னும், ஆறில் ஒரு பங்கு. 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டைத்தான் தின்னும், இருபத்துநாலில் ஒரு பங்கு. அதே அழுக்குக்கு நாலு மடங்கு தண்டனை. புது பைக்கில் பழகிய மெக்கானிக் பழைய வண்டியைப் பார்த்து "கனெக்ஷன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அவர் கைப்பழக்கத்தில் அது நல்ல கனெக்ஷன்தான்.

களவாணியைத் தேடியபோது கிடைத்தவை: ஹெட்லைட் கூடான டூமில் உள்ள ஸ்விட்ச்சில் 0.3, டிப் ஸ்விட்ச்சில் 0.2, மீதி 0.6 வோல்ட் எர்த்தில். இந்த எர்த் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வண்டியைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி நாமே செய்துகொள்ளும் கேடு அது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது. கரண்ட் டூமின் தகட்டில் இறங்கி, அதைப் பிடித்திருக்கும் காது வழியாக ஃபோர்க்குக்குப் போய், ஹேண்டில்பார் பேரிங்கின் குண்டுகளையும் கிரீஸையும் தாண்டி ஃபிரேமுக்கு வந்து, பிறகுதான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். தொழிற்சாலையில் இணைத்தபோது போல்ட் இறுக்கும் இடங்களில் உலோகம் உலோகத்தோடு பேசியது. நாம் என்ன செய்கிறோம்? ஃபிரேம், ஃபோர்க், டூம், காது எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, அங்குலம் விடாமல் பவுடர் கோட்டிங் அடித்து, பளபளவென்று பூட்டுகிறோம். பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக் உறை. கரண்ட் திரும்பிவரும் பாதையில் நாமே சுவர் எழுப்பிவிட்டு, முதல் இரவுப் பயணத்தில் விளக்கு மங்கலாக எரிந்தால் பர்மிங்ஹாமில் எழுபது வருஷத்துக்கு முன் வேலை பார்த்தவனைத் திட்டுகிறோம்.

அந்த லூகாஸ்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜோசஃப் லூகாஸ் பர்மிங்ஹாமில் விளக்கு விற்று வளர்ந்தவர். 1870-களின் இறுதியில் சைக்கிள் சக்கரத்தில் தொங்கவிடும் எண்ணெய் விளக்குக்கு அவர் வைத்த பெயர் 'கிங் ஆஃப் தி ரோட்', சாலையின் அரசன். அரசனாக இருந்தவர் இளவரசனாக, அதுவும் இருளுக்கு, இறக்கப்பட்டதில் அவர் கம்பெனியின் பங்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பகடியைச் சொல்பவர்களில் எத்தனை பேர் மீட்டர் முள்ளைப் பல்ப் முனையில் வைத்துப் பார்த்திருப்பார்கள்?

பட்டறைப் பெரியவர் செய்த வைத்தியத்துக்கு ஆன செலவு, என் எல்இடி யூனிட்டின் விலையில் கால்வாசி இல்லை. பல்ப் ஹோல்டரிலிருந்து பேட்டரி வரை தடித்த செம்பு ஒயர் ஒன்று தனி எர்த்தாக. ஸ்விட்ச் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். ஃபீட் ஒயரையும் தடிமனாக்கினார். மீட்டரை வைத்தால் 5.9. கண்ணால் பார்த்தாலே தெரிந்தது, மஞ்சளாக எரிந்த இழை வெள்ளைக்கு ஏறியிருந்தது.

ரிஃப்ளெக்டர் அடுத்த வழக்கு. பழைய அசல் ரிஃப்ளெக்டர்கள் பலவற்றில் இருந்தது வெள்ளி முலாம். புதிதாக இருக்கும்போது தன்மேல் விழும் ஒளியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திருப்பியனுப்பும் உலோகம் அது, ஆனால் காற்றுப் பட்டுக் கறுக்கும். கறுத்ததைப் பார்த்தவுடன் பித்தளை பாலீஷ் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. மெல்லிய முலாம் துணியோடு போய்விடும், நுண்கீறல்கள் மிஞ்சும். இதைவிடப் பரவலான தவறு, குரோம் கடைக்காரரிடம் கொடுத்து பம்பரோடு பம்பராக ரிஃப்ளெக்டரையும் முக்கி எடுப்பது. பகலில் முகம் பார்க்கலாம், அப்படி மின்னும். ஆனால் குரோமியம் திருப்பியனுப்புவது அறுபது, அறுபத்தைந்து சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தை முலாமுக்கே தானம் செய்துவிட்டு, விளக்கு போதவில்லை என்கிறோம். வெள்ளியை மறுபடி ஏற்றலாம், அல்லது வெற்றிட அறையில் அலுமினியம் படியவைக்கும் இடத்தில் கொடுக்கலாம். அலுமினியம் வெள்ளிக்கு அருகில் வரும், கறுக்காது. கண்ணாடிக்கும் ரிஃப்ளெக்டருக்கும் நடுவிலுள்ள வளையம் இற்றுப்போயிருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். தூசி புகுந்தால் எந்த முலாமும் நிற்காது.

சரி, வோல்ட்டும் முலாமும் ஒருபுறம் இருக்கட்டும், அதே ரிஃப்ளெக்டரில் பல்பை மட்டும் எடுத்துவிட்டு எல்இடி பல்பைச் செருகினால் இன்னும் கூடுதல் வெளிச்சம் வராதா? வரும். வெளிச்சம் வருவதும் வழி தெரிவதும் வெவ்வேறு சமாச்சாரம். ஹெட்லைட் என்பது பல்பும் கிண்ணமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரே கருவி. கிண்ணத்தின் குவியத்தில், சில மில்லிமீட்டர் நீளமுள்ள இழை ஒன்று நாலாபுறமும் ஒளி வீசும் என்று எண்ணி அதன் வளைவைத் தீர்மானித்திருக்கிறார்கள். கண்ணாடியில் வெட்டிய வரிகள் அந்தக் கற்றையைப் பிரித்து, இவ்வளவு ஓரத்துக்கு, இவ்வளவு நடுவுக்கு என்று பங்கிடுகின்றன. ஆரம்பகால லூகாஸ் விளக்குகளில் பல்ப் ஹோல்டரை முன்னும் பின்னும் நகர்த்திக் குவியத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் வந்த ப்ரீஃபோகஸ் பல்பில் விளிம்புத் தகடு வைத்து, இழை நிற்க வேண்டிய இடத்தைத் தொழிற்சாலையிலேயே நிர்ணயித்துவிட்டார்கள். ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே கற்றை சிதறும் என்பதால்தான் இவ்வளவு பாடு.

இந்த பிரிட்டிஷ் பல்பில் டிம் இழை, குவியத்திலிருந்து சற்றே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அந்த விலகலே கற்றையைக் கீழேயும் இடப்பக்கமும் சாய்க்கிறது. 1971-இல் வந்த எச்4 ஹாலோஜனில் வேறு உத்தி: டிம் இழைக்கு அடியில் சிறு கிண்ணம் ஒன்று ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியை மறைத்துவிடும். எல்இடி பல்ப் இந்த இரண்டில் எதைப் பின்பற்றுகிறது? பெரும்பாலும் எதையும் இல்லை. ஒரு தட்டின் இருபக்கமும் சில்லுகளை ஒட்டி, ஒரே அளவு அடிப்பாகத்தை மாட்டி விற்கிறார்கள். ஒளி இரண்டு பக்கமாகப் போகிறது, குவியத்தில் நிற்பதில்லை, டிம்முக்கும் ஹைக்கும் வித்தியாசம் வெளிச்சத்தின் அளவில்தான் இருக்கிறது, திசையில் இல்லை. சுவரில் அடித்தால் சுவர் முழுக்க வெள்ளை. ரோட்டில் அந்த வெள்ளையில் ஒரு பங்கு வேப்பமரக் கிளைக்கும், இன்னொரு பங்கு எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போகிறது.

இறக்குமதி வண்டி என்பதால் இன்னொரு சிக்கலும் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதை யாரும் பேசுவதே இல்லை. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் வலப்பக்கம். 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய விளக்குகளின் டிம் கற்றை சமச்சீராக இல்லை, ஓட்டுகிறவரின் ஓரத்தில் சற்று மேலெழும்பி நடைபாதையைக் காட்டும். வலப்பக்க நாட்டுக்குச் செய்த விளக்கில் அந்த மேலெழும்பல் வலப்பக்கம். அதை இங்கே மாட்டினால் நேரே எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கும். ஜெர்மன் வண்டி, அமெரிக்கச் சந்தைக்குப் போய்த் திரும்பிய டிரையம்ப், இணையத்தில் தருவித்த எல்இடி யூனிட், எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. வட்டத்துக்குள் ஈ முத்திரை உள்ள ஐரோப்பியக் கண்ணாடியைப் பாருங்கள். அம்புக்குறி இல்லையென்றால் அது வலப்பக்க ரோட்டுக்கு. விளக்கை நேருக்கு நேர் பார்க்கும்போது உங்கள் வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் நம் ரோட்டுக்கு. இருபுறமும் முனை இருந்தால் மாற்றி வைத்துக்கொள்ளலாம். கடையில் நின்று பார்க்க ஐந்து நொடி ஆகாது. சென்னைப் புதுப்பேட்டையில் ஏழு அங்குலக் கண்ணாடிகளை அடுக்கி வைத்திருக்கும் கடைகளில் அளவு கேட்பார்கள், விலை கேட்பார்கள். அம்பைத் தேடியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நம் மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி இதையே வேறு விதமாகச் சொல்கிறது. விளக்குக்கு எட்டு மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருந்தால் அது கூசக் கூடாது. தேங்காய் மூட்டைக்காரரின் கண் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருந்திருக்கும். ஒரு காலத்தில் போலீஸ்காரர்கள் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டிவிடுவார்கள். நாம் சிரித்தோம், வீட்டுக்கு வந்ததும் சுரண்டியெடுத்தோம். பொட்டு கரடுமுரடான வைத்தியம்தான், ஆனால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்த வைத்தியம்.

எதிர்க்கட்சியிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போவது நேர்மையில்லை. டைனமோ. மேக்னெட்டோவும் டைனமோவும் சேர்ந்த அந்தக் கால மேக்டைனோக்கள் கொடுப்பது 40-இலிருந்து 60 வாட், அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றினால். ஹெட்லைட்டுக்கு 30, பின்விளக்குக்கு 6, பிரேக் மிதித்தால் இன்னொரு 18 என்று போனால் ஆம்மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாயும். எல்இடி கொஞ்சமாகத் தின்னும் என்பது உண்மை. அதனால்தான் நானும் எல்இடி வைத்திருக்கிறேன், பின்னால். பின்விளக்கின் வேலை, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்வது. அதற்குக் குவியம் தேவையில்லை. சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்இடியே வைக்க வேண்டும், வெள்ளை வைத்தால் சிவப்பு சோகை பிடித்துப்போகும். நம்பர் பிளேட்டுக்கு மட்டும் வெள்ளைச் சில்லு உள்ளதாகப் பார்க்க வேண்டும், பாசிட்டிவ் எர்த்துக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்க வேண்டும். அங்கே மிச்சமாகும் வாட்டை முன்விளக்குக்குக் கொடுத்தால் கணக்கு நேராகிறது. 35 வாட் ஹாலோஜன் ஆறு வோல்ட்டிலும் கிடைக்கிறது, பழைய ப்ரீஃபோகஸ் அடிப்பாகத்தோடே. அதே வாட்டுக்குக் கூடுதல் ஒளி, அதே இடத்தில் இழை.

நான் பழமைவாதி என்று யாராவது சொல்லிவிடப்போகிறார்கள். டைனமோவை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்து 12 வோல்ட்டுக்கு மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சார்ஜ் ஆகத் தொடங்குவது கொஞ்சம் தாமதப்படும், ஊருக்குள் ஊர்ந்து போகிறவர்களுக்கு ஆகாது, அவ்வளவுதான். 1960-களின் ஆல்டர்னேட்டர் வண்டியில் இடப்பக்க ரோட்டுக்கான நல்ல எச்4 கண்ணாடி போட்டால் கை தட்டுவேன், 60/55 வாட் பல்பை அதன் 120 வாட் ஆல்டர்னேட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யோசித்துவிட்டுப் போட்டால். லென்ஸும் சில்லும் ஒன்றுக்கொன்று அளந்து செய்த, இடப்பக்கக் கற்றையுள்ள முழு எல்இடி யூனிட்கள்கூட இருக்கின்றன. ஒழுங்காகச் செய்தவை ஒழுங்காகவே எரிகின்றன. பலருக்கும் அவை டூமுக்குள் அடங்குவதில்லை என்பதுதான் சங்கடம். பின்னால் சூடு தணிக்கும் அலுமினியத் துடுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் ஏற்கெனவே ஆம்மீட்டரும் ஸ்விட்ச்சும் குடியிருக்கின்றன. உடனே ஆம்மீட்டரைத் தூக்குகிறார்கள், டூமை வெட்டுகிறார்கள். மறுபடி அதே டூம் தேடிப் போனால் விலையைக் கேட்டு மயக்கம் வரும்.

"பாதுகாப்பு முக்கியமில்லையா?" என்ற கேள்வி மிச்சம். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்காக 2021-இல் கொண்டுவந்த 'வி.ஏ.' பதிவெண்ணில் இருக்கும் வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்ப, பழுது பார்க்க என்று சில காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், அன்றாட ஓட்டத்துக்கு இல்லை. பழைய பதிவில் ஓடுகிறவர்கள் இரவில் போகத்தான் செய்வார்கள், நானும் போகிறேன். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் தாண்டுகிறது. முன்னும் பின்னும் டிரம் பிரேக், ஒல்லியான டயர். பகல் மாதிரி வெளிச்சம் போட்டுக்கொண்டு அந்த வேகத்துக்குத் துணிந்தால், வெளிச்சம் காட்டிக்கொடுத்த மாட்டுக்கு முன்னால் வண்டி நிற்க வேண்டுமே. என் பி31-இன் விளக்கு இப்போது டிம்மில் காட்டும் தூரமும், அதன் பிரேக் 50 கிலோமீட்டர் வேகத்தில் கேட்கும் தூரமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. அதற்குமேல் இரவில் நான் ஓட்டுவதில்லை.

இன்னொரு வேலையும் செய்தேன், இதற்குக் காசே இல்லை. பழைய கையேடுகள் சொல்லும் முறை: சமதரையில் சுவருக்கு 25 அடி தள்ளி வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஆள் உட்கார்ந்த நிலையில், விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, ஹை பீம் அந்தக் கோட்டுக்கு மேலே போகாதபடி டூமைச் சாய்த்து இறுக்குவது. என் தம்பி வண்டிமேல் உட்கார்ந்தான், நான் சாக்பீஸோடு நின்றேன். கற்றையின் நடு, கோட்டுக்கு ஒன்றரை அடி மேலே அடித்துக்கொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து இத்தனை வருஷமும் பனைமர உச்சிக்கு வெளிச்சம் காட்டியபடி ஓட்டியிருக்கிறேன்.

அந்த எல்இடி யூனிட்டை எறியவில்லை. ஷெட்டில் வண்டிக்கு மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரிலிருந்து ஒயர் கொடுத்திருக்கிறேன். மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம் பரவுகிறது. கீழே உருண்டு போன நட்டைத் தேடுவதற்கு அதைப்போல் வேறில்லை.